முழங்காலுக்குக் கீழே அடைப்பு: பலூனா, ஸ்டென்ட்டா?

சர்க்கரை நோயால் விரல் கறுத்துப்போன ஒருவரை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறீர்கள். ஆஞ்சியோ எடுத்தாகிவிட்டது. “கெண்டைக்கால் குழாய்களில் அடைப்பு இருக்கிறது. பலூன் போட்டுத் திறந்து பார்க்கிறோம், தேவைப்பட்டால் ஸ்டென்ட் வைக்கிறோம். இதில் கையெழுத்துப் போடுங்கள்” என்று படிவத்தை நீட்டுகிறார்கள். அந்த நேரத்தில் குடும்பத்தார் பெரும்பாலும் கேட்பது இதுதான்: “அது என்ன டாக்டர், தேவைப்பட்டால்? எப்படியும் உள்ளே போகிறீர்கள், ஸ்டென்ட்டே வைத்துவிடுங்களேன்.” உறவில் யாருக்காவது இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பார்கள், அவர் நன்றாக நடமாடுவதைப் பார்த்திருப்பார்கள். ஸ்டென்ட் என்றால் முழுச் சிகிச்சை, பலூன் என்றால் அரைகுறை என்ற எண்ணம் அங்கிருந்துதான் வருகிறது.

முழங்காலுக்குக் கீழே அந்தக் கணக்கு செல்லாது. இங்கே பலூன்தான் முதல் கருவி. ஸ்டென்ட்டுக்குச் சில இடங்கள் உண்டு, சில காரணங்கள் உண்டு. அவை இல்லாதபோது அதை வைக்காமல் விடுவதே நல்ல சிகிச்சை. ஏன் அப்படி என்று தெரிந்துகொண்டால், மருத்துவரிடம் நீங்கள் கேட்கும் கேள்வியே வேறாகிவிடும்.

மூன்று குழாய்கள்

முழங்காலுக்குப் பின்புறமாக இறங்கும் பாப்ளிட்டியல் தமனி, கெண்டைக்காலின் மேல்பகுதியில் கிளை பிரிகிறது. முன்பக்கமாக இறங்கி மேல்பாதத்துக்குப் போவது ஆன்டீரியர் டிபியல். உள்கணுக்காலுக்குப் பின்னால் சென்று உள்ளங்காலுக்கும் குதிகாலுக்கும் ரத்தம் கொடுப்பது போஸ்டீரியர் டிபியல். இரண்டுக்கும் நடுவே, எலும்பை ஒட்டிக் கணுக்கால் வரை வருவது பெரோனியல். ஆஞ்சியோ அறிக்கையில் இந்த மூன்று பெயர்களையும் தேடுங்கள். ஒரு எச்சரிக்கை: பி.டி.ஏ. என்ற சுருக்கெழுத்து சில இடங்களில் போஸ்டீரியர் டிபியல் தமனியையும், சில இடங்களில் பலூன் சிகிச்சையையும் குறிக்கும். எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

தொடையில் 5, 6 மில்லிமீட்டர் அகலம் இருந்த குழாய், இங்கே வரும்போது 2 முதல் 3.5 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. புகைபிடிப்பவர்களுக்கு அடைப்பு பெரும்பாலும் இடுப்பிலும் தொடையிலும் வரும். சர்க்கரை நோயும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்களுக்கு இந்த மெல்லிய குழாய்களில்தான் வரும். அதுவும் ஓரிடத்தில் நின்றுவிடாது. பல சென்டிமீட்டர் நீளத்துக்கு, சில சமயம் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை நீண்டு கிடக்கும். குழாய்ச் சுவரின் நடு அடுக்கில் சுண்ணாம்பு படிந்து இறுகியிருக்கும். பலூனா ஸ்டென்ட்டா என்ற முடிவை மருத்துவரின் விருப்பத்தைவிட இந்த மூன்றும்தான் தீர்மானிக்கின்றன: குழாயின் மெல்லிசு, அடைப்பின் நீளம், சுண்ணாம்பு.

அந்தச் சுண்ணாம்பு பரிசோதனையையும் ஏமாற்றும். கை ரத்த அழுத்தத்தையும் கணுக்கால் ரத்த அழுத்தத்தையும் ஒப்பிடும் ஏ.பி.ஐ. சோதனையில் 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு என்று பொருள். ஆனால் இறுகிப்போன குழாயைப் பட்டையால் அமுக்க முடியாது, எண் 1.4, 1.5 என்று உயர்ந்து காட்டும். புண் ஆறாமல் இருக்க, அறிக்கையில் மட்டும் ரத்த ஓட்டம் ‘நார்மல்’ என்று இருந்தால் நம்பிவிடாதீர்கள். கால் விரலில் அழுத்தம் அளக்கச் சொல்லுங்கள். விரலின் குழாய்கள் அவ்வளவாக இறுகுவதில்லை. அங்கே அழுத்தம் 30 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக் கீழே வந்தால் நிலைமை கடுமை.

பலூன் செய்வதும் ஸ்டென்ட் செய்வதும்

அடைபட்ட கால் குழாயை அறுக்காமல் உள்ளிருந்தே திறக்கலாம் என்று முதன்முதலில் காட்டியவர், அமெரிக்காவின் போர்ட்லண்டில் கதிரியக்க மருத்துவராக இருந்த சார்லஸ் டாட்டர். 1964 ஜனவரியில், காலை வெட்டச் சம்மதிக்காத 82 வயது மூதாட்டி ஒருவரின் தொடைக் குழாயைப் படிப்படியாகத் தடிக்கும் குழல்களால் விரித்தார். பாதம் சூடேறியது, புண் ஆறியது, அந்த அம்மா தன் கால்களிலேயே நடந்தார். பத்தாண்டு கழித்து சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக் அதே வேலைக்குப் பலூனைக் கொண்டுவந்தார். இதயத்துக்கு அது போனது அதன் பிறகு, 1977-இல். இந்தச் சிகிச்சை பிறந்ததே காலில்தான்.

இன்று தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு துளை வழியாக 0.36 மில்லிமீட்டர் கம்பியை உள்ளே செலுத்துகிறார்கள். நோயாளி விழித்திருப்பார். கம்பி அடைப்பைத் தாண்டுவதுதான் கடினமான கட்டம். மேலிருந்து தாண்ட முடியாவிட்டால், பாதத்தில் துளையிட்டுக் கீழிருந்து மேலே வருவதும் உண்டு. கம்பி தாண்டியதும் அதன்மேல் பலூனை ஏற்றி, இரண்டு மூன்று நிமிடம் ஊதி வைக்கிறார்கள். ஊதும்போது கெண்டைக்காலில் ஒரு இறுக்கமான வலி வரும். பலூன் சுருங்கியதும் போய்விடும். நோயாளிக்கு இதை முன்பே சொல்லிவைத்தால் பயப்படமாட்டார்.

பலூன் அடைப்பை அகற்றுவதில்லை. அடைத்திருக்கும் பொருளைக் கீறி, சுவரோடு ஒதுக்கித் தள்ளுகிறது. அதில் இரண்டு சிக்கல்கள் அங்கேயே தெரியும். சுவர் விரிந்த கையோடு திரும்பச் சுருங்கலாம். அல்லது கீறல் பெரிதாகி, உரிந்த சுவர் ஓட்டத்தை மறிக்கலாம். மூன்றாவது சிக்கல் பிறகு வரும்: காயம்பட்ட சுவர் ஆறும்போது உள்ளே திசு வளர்ந்து, சில மாதங்களில் வழி மறுபடி குறுகும்.

ஸ்டென்ட் என்னும் உலோக வலை முதல் இரண்டு சிக்கல்களுக்கும் உடனே விடை தருகிறது. சுருங்கும் சுவரைத் தாங்கும், உரிந்ததை ஒட்டவைக்கும். மூன்றாவதற்கு வெறும் உலோகம் உதவாது. திசு வலையின் கண்கள் வழியே வளர்ந்துவிடும். அதனால்தான் சிரோலிமஸ், எவரோலிமஸ் போன்ற, திசு வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து தடவிய ஸ்டென்ட்டுகள் வந்தன. கெண்டைக்காலில் ஸ்டென்ட் வைக்கத்தான் வேண்டும் என்றால் மருந்து தடவியதே பொருத்தம். 2012-இல் வெளியான டெஸ்டினி ஆய்வில், ஓராண்டுக்குப் பிறகு மருந்து ஸ்டென்ட் வைத்தவர்களில் 85 சதவீதத்தினருக்குக் குழாய் திறந்திருந்தது. வெறும் உலோகம் வைத்தவர்களில் 54 சதவீதத்தினருக்குத்தான்.

ஆய்வுகளை எப்படிப் படிப்பது

பலூனையும் மருந்து ஸ்டென்ட்டையும் நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வுகளில் முக்கியமானது அக்கிலீஸ். 200 நோயாளிகள். ஓராண்டில் மறு அடைப்பு பலூன் பக்கத்தில் 42 சதவீதம், ஸ்டென்ட் பக்கத்தில் 22 சதவீதம். இதைக் கேட்டதும் ஸ்டென்ட் வென்றுவிட்டது என்று தோன்றும். இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பாருங்கள். அந்த ஆய்வில் எடுத்துக்கொண்ட அடைப்புகளின் சராசரி நீளம் 3 சென்டிமீட்டருக்கும் குறைவு. நம் சர்க்கரை நோயாளிகளின் கெண்டைக்காலில் அவ்வளவு சின்ன அடைப்பு மட்டும் இருப்பது அரிது. மற்றொன்று, காலை இழந்தவர்கள் எண்ணிக்கையிலும் இறந்தவர்கள் எண்ணிக்கையிலும் இரு பக்கத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி எடைபோட்ட காக்ரன் அமைப்பின் 2018 ஆய்வறிக்கையும் ஏறக்குறைய இதே இடத்துக்குத்தான் வந்தது: சிகிச்சை அறையிலேயே குழாயைத் திறப்பதில் ஸ்டென்ட்டுக்கு வெற்றி கூடுதல்; காலைக் காப்பதிலும் உயிரைக் காப்பதிலும் தெளிவான மேன்மை தெரியவில்லை.

நீண்ட அடைப்புக்கு என்றே தானே விரியும் மருந்து ஸ்டென்ட் ஒன்றைச் செய்து ‘சாவல்’ (SAVAL) என்ற ஆய்வில் சோதித்தார்கள். அது பலூனைவிடச் சிறந்தது என்று காட்ட முடியவில்லை. மருந்து தடவிய பலூனும் கெண்டைக்காலில் சறுக்கியது. 2014-இல் வந்த இன்பாக்ட் டீப் ஆய்வில் அது சாதாரண பலூனைவிட உதவவில்லை. காலை இழந்தவர்கள் அந்தப் பக்கத்தில் கூடுதலாகக்கூடத் தெரிந்தார்கள். புள்ளியியல்படி உறுதியான வித்தியாசம் இல்லை என்றாலும், அந்தப் பலூனை இந்த இடத்துக்கு விற்பதை நிறுவனமே நிறுத்திக்கொண்டது. தொடையில் மருந்து பலூன் பயன்படுகிறது. கெண்டைக்காலுக்கு அதைப் பரிந்துரைத்தால், ‘இந்த நோயாளிக்கு ஏன்?’ என்று தயங்காமல் கேளுங்கள்.

இப்போது புதிதாக வந்திருப்பது கரைந்துபோகும் ஸ்டென்ட். கட்டடம் எழும்பும்வரை நின்றுவிட்டுப் பிறகு பிரிக்கப்படும் சாரம் மாதிரி, குழாய் ஆறும் காலத்துக்குத் தாங்கிவிட்டு மெல்லக் கரைந்துவிடும். 2023-இல் வெளியான லைஃப்-பி.டி.கே. ஆய்வில் 261 பேர் பங்கேற்றார்கள். ஓராண்டில் மறு அடைப்பு, மறு சிகிச்சை, கால் இழப்பு எதுவும் இல்லாதவர்கள், கரையும் ஸ்டென்ட் பக்கத்தில் 74 சதவீதம், பலூன் பக்கத்தில் 44 சதவீதம். 2024 ஏப்ரலில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு அனுமதி தந்தது. உண்மையிலேயே நம்பிக்கை தரும் முடிவு இது. ஆனாலும், வித்தியாசத்தின் பெரும்பங்கு மறு அடைப்பில்தான் இருந்தது, கால் இழப்பில் அல்ல. கடும் சுண்ணாம்பு இல்லாத, மிக நீளமாக இல்லாத அடைப்புகளுக்கே இந்த முடிவு பொருந்தும்.

குழாய் மூடினாலும் கால் தப்புவது

மேலே உள்ள எண்களில் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது: குழாய் மூடிக்கொள்கிறது, ஆனால் கால் போவதில்லை. 2008-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பலூன் சிகிச்சைக்கு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு குழாய் திறந்திருந்தவர்கள் 49 சதவீதம்தான். கால் தப்பியவர்களோ 82 சதவீதம். பைபாஸ் அறுவை செய்தவர்களில் குழாய் திறந்திருந்தவர்கள் 72 சதவீதம். கால் தப்பியவர்கள் அதே 82.

காரணம் உடலின் தேவையில் இருக்கிறது. மூடிய தோலும் தசையும் உயிரோடு இருக்கக் கொஞ்சம் ரத்தம் போதும். புண் ஆறவும், சீழோடு போராடவும், விரலை எடுத்த இடத்தில் புதுத் தோல் வளரவும் அதைவிடப் பல மடங்கு வேண்டும். அந்தக் கூடுதல் ரத்தம் சில மாதங்கள் கிடைத்துப் புண் மூடிவிட்டால், பிறகு குழாய் குறுகினாலும் பழைய சிறுகிளைகள் பாதத்தைத் தாங்கிவிடும். பலூனின் வேலை அந்தச் சில மாதங்களை வாங்கித் தருவது.

ஆகவே “எத்தனை வருஷம் தாங்கும்?” என்று கேட்பதைவிட, “புண் இருக்கிற இடத்துக்கு நேராக ரத்தம் போகிறதா? ஆறும்வரை போகுமா?” என்று கேளுங்கள். குதிகாலில் புண் இருக்க, மேல்பாதத்துக்குப் போகும் குழாயை மட்டும் திறந்தால், பாதத்துக்குள் இரண்டையும் இணைக்கும் வளைவு திறந்திருக்கிறதா என்பது முக்கியமாகிறது. கடைசிப் படத்தைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். கணுக்காலைத் தாண்டி, புண்ணைச் சுற்றிச் சாயம் பரவுவது தெரிய வேண்டும்.

ஸ்டென்ட் எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்

பலூன் போட்ட பிறகும் சுவர் திரும்பச் சுருங்கி, ஓட்டம் மந்தமாக இருந்தால் ஸ்டென்ட் நியாயம். உரிந்த சுவர் வழியை மறித்தால் நியாயம் மட்டுமல்ல, அவசியம். மூன்று குழாய்களும் கிளை பிரியும் மேல்பகுதியில் 2, 3 சென்டிமீட்டர் அளவுக்குச் சின்ன அடைப்பு இருந்தால் தொடக்கத்திலேயே மருந்து ஸ்டென்ட்டைத் தேர்ந்தெடுப்பதும் ஏற்கத்தக்கதே. இந்த இடத்துக்கு வைப்பது பெரும்பாலும் இதயத்துக்கான அதே மருந்து ஸ்டென்ட்தான். அளவு பொருந்துகிறது என்பதே காரணம், பதற வேண்டியதில்லை.

கணுக்காலுக்கு அருகிலும் பாதத்திலும் சாதாரண உலோக ஸ்டென்ட் வேண்டாம். அங்கே குழாய் தோலுக்கு மிக அருகில், எலும்பின் மேலே ஓடுகிறது. பலூனால் விரிக்கப்படும் வகை வெளி அழுத்தத்தில் நசுங்கிப்போகும். நசுங்கினால் தானாக நிமிராது. பின்னாளில் பைபாஸ் தேவைப்பட்டால் தையல் போட வேண்டிய இடத்திலும் உலோகத்தை வைத்துவிடக் கூடாது. 20 சென்டிமீட்டர் அடைப்பை வரிசையாக நான்கைந்து ஸ்டென்ட் வைத்து மூடலாமே என்றால், அவை பக்கக் கிளைகளின் வாயை மறைக்கும், உள்ளே அடைத்துக்கொண்டால் திறப்பது இன்னும் கடினம், செலவோ பல மடங்கு. வயிற்றுப்புண்ணால் ரத்தம் கசிந்தவர், மூளையில் ரத்தக் கசிவு வந்தவர் ஆகியோருக்கு ஸ்டென்ட்டுக்குப் பிறகு வேண்டிய இரட்டை மாத்திரை ஆபத்தாகலாம். அதை நீங்கள்தான் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். புண் இல்லை, இரவில் வலி இல்லை, நடந்தால் மட்டும் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது. இப்படிப்பட்டவருக்கு முழங்காலுக்குக் கீழே பலூனும் வேண்டாம், ஸ்டென்ட்டும் வேண்டாம். புகையை நிறுத்துவது, தினமும் வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பது, கொழுப்பு மாத்திரை, ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரல். இவையே சிகிச்சை. இந்த மெல்லிய குழாயைத் தேவையில்லாமல் தொட்டு அது மூடிக்கொண்டால், இல்லாத ஆபத்தை வரவழைத்ததாகிவிடும். பாதுகாப்பாக நடக்கக்கூடிய காலை நாமே அபாயத்துக்குள் தள்ளுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

பைபாஸையும் கேட்காமல் விடாதீர்கள். தொடையில் நல்ல நரம்பு, அதாவது சஃபீனஸ் சிரை, முழு நீளத்துக்குக் கிடைத்தால் பைபாஸ் மேல் என்று 2022-இல் பெஸ்ட்-சி.எல்.ஐ. ஆய்வு சொன்னது. முழங்காலுக்குக் கீழே திறக்க வேண்டியிருந்தவர்களை எடுத்துக்கொண்ட பேசில்-2, அடுத்த ஆண்டே பலூன் வழிதான் மேல் என்றது. இரண்டும் தரமான ஆய்வுகள். எடுத்துக்கொண்ட நோயாளிகள் வேறு. எனவே ரத்தக்குழாய் அறுவை நிபுணரும் பலூன் வைப்பவரும் சேர்ந்து பார்த்துச் சொல்லும் இடத்தில் முடிவெடுப்பது நல்லது. சிரையின் அகலத்தை டாப்ளர் ஸ்கேனில் அளந்தார்களா என்ற ஒரே கேள்வி, அப்படிச் சேர்ந்து பார்த்தார்களா என்பதைக் காட்டிவிடும்.

அறைக்குள் போகும் முன்

சீழ் இருந்தால் முதலில் அதைத் திறந்துவிட வேண்டும். ரத்த ஓட்டத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. சீழ் இல்லாமல் விரல் காய்ந்து கறுத்திருந்தால் எதிர்மாறு: முதலில் ரத்த ஓட்டம், பிறகு விரலை எடுப்பது. ஓட்டம் இல்லாத பாதத்தில் வெட்டினால் வெட்டிய இடமும் ஆறாது. அடுத்த வெட்டு கணுக்காலில், அதற்கடுத்தது முழங்காலில் என்று ஏறிக்கொண்டே போவதை எத்தனையோ குடும்பங்கள் பார்த்திருக்கின்றன. விரலை எடுக்கச் சொன்னால், “ரத்த ஓட்டம் பார்த்தாகிவிட்டதா?” என்ற கேள்வி முந்திக்கொண்டு வர வேண்டும்.

கிரியாட்டினின் எவ்வளவு என்று தெரிந்து வைத்திருங்கள். ஆஞ்சியோ சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். மெட்ஃபார்மின், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, சாய ஒவ்வாமை ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுங்கள். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த விலை உச்சவரம்பு இதய ஸ்டென்ட்டுகளுக்கானது. காலுக்கென்று தனியாக வரும் பலூன், ஸ்டென்ட்டின் விலையை முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், சேர்க்கும்போதே காட்டி, இந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு அனுமதி கிடைக்கும் என்று விசாரியுங்கள். வைத்த ஸ்டென்ட்டின் பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கர் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் நாள் துளையிட்ட இடத்தில் ரத்தம் கசிகிறதா, வீங்குகிறதா என்று கவனியுங்கள். பாதம் லேசாக வீங்கி, சிவந்து, சூடாக இருப்பது ரத்தம் திரும்பியதன் விளைவாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். பலூன் மட்டும் போட்டிருந்தால் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்த்துச் சில மாதங்கள், பிறகு ஒன்று மட்டும். மருந்து ஸ்டென்ட் என்றால் பெரும்பாலும் ஆறு மாதமாவது இரண்டும். பல் பிடுங்க வேண்டும், கண்புரை அறுவை இருக்கிறது என்பதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சிலருக்கு ஆஸ்பிரினோடு ரிவரோக்சபான் 2.5 மில்லிகிராம் இருவேளை தருகிறார்கள். காலுக்குச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அது பயன் தருவதை 2020-இல் வாயேஜர் ஆய்வு காட்டியது. ரத்தக் கசிவு அபாயமும் சற்றுக் கூடும்.

புண்ணை வாரம் ஒருமுறை அதே வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். நான்கு வாரத்தில் அது பாதியாகவாவது சுருங்கவில்லை என்றால், மறு தேதிக்காகக் காத்திருக்காமல் டாப்ளர் எடுக்கச் சொல்லுங்கள். குழாய் குறுகியிருந்தால் மறுபடி பலூன் போடலாம். அது முதல் சிகிச்சை தோற்றதற்கு அடையாளம் அல்ல. கெண்டைக்கால் வைத்தியத்தில் இரண்டாம் முறை எதிர்பார்க்க வேண்டியதே. புண் முழுதாக மூடிய பிறகு டாப்ளரில் மறு அடைப்பு தெரிந்தால், உடனே திறக்க ஓட வேண்டாம். நோயாளிக்கு வலியோ புதுப் புண்ணோ இருக்கிறதா என்பதை வைத்து மருத்துவர் முடிவு செய்வார்.

பாதம் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, தாங்க முடியாமல் வலித்தாலோ விரல்களை அசைக்க முடியாமல் போனாலோ அது வேறு. கையில் இருப்பது சில மணி நேரம்தான். வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் தோல் வெந்துபோகும். தெருமுனை கிளினிக்கில் நேரத்தைக் கழிக்காமல், பலூனும் அறுவையும் இரவிலும் செய்யக்கூடிய மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். ஆஞ்சியோ சிடியையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்; எந்தக் குழாய் எப்போது திறக்கப்பட்டது, எங்கே ஸ்டென்ட் இருக்கிறது என்பதை அங்கே இருப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.